முதல் தட்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் என் மருமகள் வாயாடியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஏழரை மணிக்கு ஜெபிக்கிறேன். மணியைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இங்கே ஜெபத்துக்கும் மணி அடிக்கிறார்கள். சிரிக்காதே.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எந்த இடத்திலும் ஆறு மாதம் தாண்டாதவன் என்று அத்தானிடம் நீ சொல்லிக்கொண்டிருப்பாய். அவரிடம் இந்தக் கணக்கையும் சொல். உலைப் பகுதி இப்போது என் பொறுப்பு.

எங்கள் முதலாளியை ஊரெல்லாம் ‘திருகாணி’ என்கிறது. எல்லாரும் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், அவர் திருகாணியும் திருப்புளியும் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் ஆடுகிற கதவையும் நாற்காலியையும் முறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். நாங்கள் ஐயா என்கிறோம். கால் விளங்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் காலிப்பரில் அவர் கண்டுபிடித்த பூட்டைப் பற்றி முன்பே எழுதினேன். பழைய காலிப்பரில் உட்கார வேண்டுமென்றால் குனிந்து இரண்டு கையாலும் முழங்காலில் மல்லுக்கட்ட வேண்டும். இவருடையதில் இடுப்பில் ஒரு வளையம், ஒரு விரலால் இழுத்தால் கால் மடங்கும். எழுந்து நின்றால் தானே பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பூட்டுக்குள் இருக்கிற பின்தான் என் வேலை. சுண்டுவிரல் நகம் அளவு இரும்பு. செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்குவது முதல் சூடு. அதோடு விட்டால் இரும்புக்கு முரட்டுக் கோபம் வந்துவிடும், ஒரு நாள் கண்ணாடி மாதிரி பட்டென்று உடையும். மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து அந்தக் கோபத்தை இறக்க வேண்டும். அது இரண்டாம் சூடு. அப்பாவை அம்மா சமாதானப்படுத்துவாளே, அந்த மாதிரி.

இன்னொன்று கேள். ஜெப அறை வாசலில் ஒரு மேஜை இருக்கிறது. யார் எதைக் கெடுத்தாலும் கெட்டுப்போன சாமானை அதில் கொண்டுவந்து வைத்து, என்ன செய்தேன் என்று தன் கையால் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். திட்டு இல்லை, தண்டனை இல்லை. முதல் சாமான் ஐயாவுடையதே. ‘அவசரத்தில் செய்தேன். ஒரு அம்மாளின் தோலைக் கிழித்தது’ என்று சீட்டு தொங்குகிறது.

மாதத்தில் முதலாவதாக முடிகிற இருபத்திநாலு காலிப்பரையும் ஐயா விற்பதில்லை. முதற்பலன் ஆண்டவருக்கு என்று இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார். மிச்சத்தைக் கொடுப்பது தானமல்ல, கழித்துக்கட்டுவது என்பார். அதற்கு முதல் தட்டு என்று பெயர். அதில் வாயாடிக்கும் ஒன்று கேட்டிருக்கிறேன். “கேக்க இவ்வளவு நாளாச்சா தம்பி?” என்றார். அவள் கால் அளவை அனுப்பு.

அன்புத் தம்பி.

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

யாவரும் நலம். உன் நலத்தை இனி விசாரிக்க வேண்டியதில்லை, ஏழரை மணிக்குள் எழுந்து குளித்து ஜெபத்தில் நிற்கிறாய் என்றால் நலமாகத்தான் இருப்பாய். எட்டு மணிக்கு முன் உன் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் இந்த வீட்டில் யாரும் கிடையாது.

அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், தொடைச் சுற்று, கணுக்கால் சுற்று. தையல்காரி எடுத்த அளவு, அரை விரல்கூடத் தப்பாது. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எடுத்தார்கள், என்னுடையதுதான் சரியாக இருந்தது என்று அந்த டாக்டரே ஒப்புக்கொண்டார்.

மறைக்காமல் சொல்கிறேன், நீ கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இலவசமாக வாங்கி நமக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் மனது ஒப்பவில்லை. அத்தான் லாரியை நிறுத்திவிட்டு வந்தவர், “உன் ரோசத்தையா அவ கால்ல மாட்டி நடக்கப் போறா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். அளவு நாடாவை எடுத்துவிட்டேன்.

ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். அந்த நல்ல மனிதருக்கு உன்னால் ஒரு தலைகுனிவும் வரக் கூடாது. இந்த வேலையாவது உருப்படியாக நிலைக்கட்டும்.

உன் அக்கா.

மாமா, காலிப்பர் கறுப்புக் கலரில் இருந்தால் நன்றாக இருக்கும். அழுக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தலையில் முடியே இல்லை என்று எழுதினீர்களே, படம் வரைந்து அனுப்புங்கள். இப்படிக்கு, வாயாடி.

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதுமளவு சந்தோஷம். நேற்றுதான் முதல் தட்டு நாள். வாயாடியின் காலிப்பர் அதில் போகிறது. கறுப்பு வார் போட்டாயிற்று.

வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பதினைந்து பேர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். நான்கு மணிக்கு அர்ப்பணிப்பு ஜெபம். மதியம் ஐயா உலைப் பகுதிக்கு வந்து, “இன்னிக்கு வேதம் வாசிக்கிறது நீதான்” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மற்றொரு தொழிலாளியிடம் இரவல் வாங்கினேன். வருகிறவர்கள் உலை வழியாகத்தானே போவார்கள் என்று தரையைக் கூட்டினேன். இரண்டாம் சூட்டுக்குக் காத்திருந்த பின்களோடு ஒரு தட்டு வழியை அடைத்துக்கொண்டிருந்தது, அதைத் தூக்கி முடிந்த சாமான் அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன். இடம் பளிச்சென்று ஆகிவிட்டது.

உண்மையுள்ள வேலைக்காரனைப் பற்றிய பகுதி. ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை அக்கா. முடிந்ததும் ஐயா என் தோளில் கை வைத்து எல்லாருக்கும் முன்னால், “இந்தத் தம்பி கையில பொய் கிடையாது. இவர் தொட்ட பின்ன நான் திரும்பிச் சோதிக்கிறதில்ல” என்றார். தானமாகக் கொடுத்த காலிப்பரில் ஐந்து வருடமாக ஒரு புகார்கூட வந்ததில்லை என்றும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வர ஐந்தரை ஆகிவிட்டது. காலிப்பருக்கெல்லாம் பின் பூட்டி, பெட்டி கட்டி ஆயிற்று. வேறு விசேஷம் இல்லை. தலை கொஞ்சம் வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புத் தம்பி.

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலம் என்ற சொல்லை இந்த ஒரு கடிதத்திலாவது முழு மனதோடு எழுதுகிறேன். நலம்.

பெட்டி பன்னிரண்டாம் தேதி வந்தது. மாட்டி நிறுத்தினேன். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தாள், பிறகு அதையும் விட்டாள். அடுக்களையில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, சிந்தாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். உனக்கு இது பெரிதாகத் தெரியாது. பதினோரு வருடத்தில் என் மகள் நடந்துகொண்டே ஒரு பொருளைத் தூக்கி வந்தது இதுதான் முதல் தடவை. இதுவரை இரண்டு கையும் ஊன்றுகோலுக்கே சரியாக இருந்தது. தாகமே இல்லை, ஆனாலும் முழுத் தண்ணீரையும் குடித்தேன். அத்தானுக்கும் ஒரு டம்ளர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியைக் கழுவப் போய்விட்டார்.

உன்னைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஐயாவிடம் எங்கள் நன்றியைச் சொல். அவர் பெயரைச் சொல்லித்தான் இப்போது இரவில் விளக்கை அணைக்கிறோம்.

உன் அக்கா.

மாமா, இப்போது தண்ணீர் கேட்டால் வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை. வாயாடி.

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே.

ஒரு சின்ன விஷயம். காலிப்பரின் முழங்கால் தகட்டுக்கு அடியில் ஒரு எண் வெட்டியிருக்கும். ஒன்றிலிருந்து இருபத்திநாலுக்குள் இருக்கும். அதைப் பார்த்து எழுது. பதிவேட்டுக்கு. பன்னிரண்டுக்குள் இருந்தால் எழுதக்கூட வேண்டாம்.

இன்னொன்று, அவளை ஓட வேண்டாம் என்று சொல். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கட்டும். புதுசில்லையா, அதனால் சும்மா சொல்கிறேன்.

அன்புத் தம்பி.

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அப்படியானால் பன்னிரண்டுக்குள் என்றே எடுத்துக்கொள்ளலாமா? எதற்கும் ஒரு வரி எழுதிப் போடு. வாயாடி நன்றாக நடக்கிறாளா?

தம்பி.

மே 24

அன்புத் தம்பிக்கு,

யாவரும் நலம். பள்ளிச் சீருடை தைக்கிற காலம் ஆதலால் எழுத நேரமில்லை. மன்னித்துக்கொள்.

எண் பதினேழு. அவள் நன்றாக நடக்கிறாள். எந்தக் குறையும் இல்லை. ஐயாவிடம் கேட்டால் அப்படியே சொல்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், அந்தப் பூட்டில் இருக்கிற சின்னச் சாமான்களெல்லாம் கடையில் கிடைக்குமா, இல்லை உங்களிடம் மட்டும்தானா? பக்கத்துத் தெருவில் ஒருவர் விசாரித்தார்.

உன் பெயர் அங்கே நன்றாக இருப்பதுதான் எங்களுக்குப் பெரிது. அது கெடும்படியாக எதுவும் நம் பக்கத்திலிருந்து வரக் கூடாது என்று இருக்கிறேன். வாயாடி இந்தத் தடவை எழுதவில்லை. அவளுக்குக் கை ஒழியவில்லை.

உன் அக்கா.

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் வாய்க்கு ருசி தெரிகிறது. நலம், பரம நலம்! பதினேழு என்றாய். இருக்கட்டும். இரண்டரை மாதம் நன்றாக நடந்துவிட்டாள் என்றால் இனிக் கவலை என்ன? நான் வீணாக மனதை அலட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே, உன் தம்பி எப்போதும் அப்படித்தான்.

இந்த மாதத்திலிருந்து மூன்று உலைக்கும் என்னை மேற்பார்வையாளனாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த முதல் தட்டு நாளிலும் நான்தான் வேதம் வாசிக்க வேண்டுமாம். இந்தத் தடவை சட்டை என்னுடையது.

பின்னெல்லாம் கடையில் கிடைக்காது என்று அந்தத் தெருக்காரரிடம் சொல்லிவிடு.

அன்புத் தம்பி.

ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். இரண்டு மாதம் இடது கையால் எழுதிப் பழகி, இப்போது வலது கைக்கு எழுத்து மறந்துவிட்டது. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. தபால் தலையை அப்பா கொடுத்தார்.

ஏப்ரல் பத்தாம் தேதி பள்ளிக்கூடப் படியில் காலிப்பர் டக் என்று சத்தம் போட்டது. பூட்டு விட்டுவிட்டது. நான் ஆறு படி உருண்டேன். வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். உள்ளே பார்த்தால் அந்தக் குட்டிப் பின் இரண்டு துண்டாக இருந்தது.

உங்கள் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்னால்தான் வந்தது. அம்மா அதை எடுத்துக்காட்டி, “ஓடாதேன்னு மாமா எழுதியிருந்தாரே, ஓடினியாடி?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அம்மா அளவுகோலால் காலில் ஒரு அடி வைத்தாள். நல்ல காலில்தான். பிறகு அவளே அழுதாள்.

அப்பா உங்களுக்கு எழுதலாம் என்றார். “தானம் கொடுத்த மாட்டைப் பல்லப் புடிச்சிப் பாக்கிறதா? அவன் கேட்டு வாங்கிக் கொடுத்தது. ஒரே மாசத்துல ஒடச்சிட்டோம்னா அவனுக்கு அங்க மரியாதை இருக்குமா?” என்று அம்மா சொல்லிவிட்டாள். உள்ளே ஒரு ஆணியை வைத்துத் தையல் நாடாவால் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அதனால் கால் மடங்குவதில்லை. வகுப்பில் காலை நீட்டி உட்கார்ந்தால் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். எனவே பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு பின் ஐயாவுக்குத் தெரியாமல் அனுப்ப முடியுமா மாமா? உங்கள் மேலும் ஐயா மேலும் தப்பில்லை. நான்தான் ஓடினேன்.

வாயாடி.

ஆகஸ்ட் 9

அக்கா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

வாயாடி ஓடியதால் பின் உடையவில்லை. நான் உடைத்து அனுப்பினேன். மார்ச் இரண்டாம் தேதி வழியை அடைக்கிறது என்று தூக்கி வைத்தேனே ஒரு தட்டு, அதற்கு இரண்டாம் சூடே கொடுக்கவில்லை. நான் வேதம் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், முடிந்த சாமான் என்று நினைத்து அதை எடுத்துக் காலிப்பர்களில் பூட்டிவிட்டார்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை முன்பே இரண்டு சூடும் முடிந்த நல்ல பின். பதின்மூன்றிலிருந்து இருபத்திநாலு வரை என் தட்டு.

ஐந்தரைக்குத் திரும்பி வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிகள் வாசலில்தான் இருந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரித்திருப்பார்கள். ‘இவர் கையில் பொய் கிடையாது’ என்று சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? தட்டுக்கு உரிய வேலை அட்டையில் ‘இரண்டாம் சூடு ஆயிற்று’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் போய் மறுவாரம். உனக்கு ஒரு நல்ல பின்னைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஏன் என்று கேட்பாயே, அதற்குப் பயந்தேன். அதற்குப் பதில் ஓடாதே என்று எழுதினேன். அந்த ஒரு வரியால் அவள் அடி வாங்கினாள். நீ நன்றாக நடக்கிறாள் என்று எழுதியபோது சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்தால்தான் எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

வாயாடியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். அதை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். அந்த வேலை அட்டையைத் தேடி எடுத்து என் கையெழுத்தையும் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன்.

“எத்தனை கால் தம்பி?”

“பன்னெண்டு ஐயா.”

“யார் யாரு?”

அவ்வளவுதான். எந்திரங்களை நிறுத்தச் சொன்னார். அன்று மதியமே புதுப் பின்களோடு ஆள் ஆளாகக் கிளம்பினோம். என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று வீட்டுக்கு அவரே வந்தார். ஒரு காவலாளி, பின் உடைந்த இடத்தில் மரக்குச்சியைச் செருகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் அந்தப் பெண் பழையபடி தரையில் தவழ்கிறாள். காலிப்பர் மட்டும் துடைத்துப் பளபளவென்று சுவரில் தொங்குகிறது. “ஐயா குடுத்தது, பத்திரமா வெச்சிருக்கோம்” என்று அவள் தாய் எங்களுக்கு நாற்காலி போட்டாள். ஐயா சட்டைப்பையில் கை விட்டவர், திருகாணியை எடுக்காமல் அப்படியே நின்றார்.

பன்னிரண்டில் எட்டு உடைந்திருக்கிறது. எட்டு வீட்டிலிருந்தும் ஐயாவுக்கு ஒரு கடிதம் வரவில்லை அக்கா. விற்ற காலிப்பரில் ஒரு வார் கிழிந்தாலும் சண்டைக்கு வருகிறார்கள்.

திரும்பி வந்து தொழிற்சாலை வாசலில் ஐயா சொன்னார். “அஞ்சு வருஷமா ஒரு புகாரும் இல்லன்னு அன்னிக்கு எல்லார் முன்னாலயும் பெருமையாச் சொன்னேன். பொருள் நல்லாயிருக்குன்னு நெனச்சேன் தம்பி. குடுத்தவன்கிட்ட குறை சொல்ல அவங்களுக்கு வாய் வரலைங்கிறது எனக்குத் தெரியல. எத்தனை பேர் விழுந்தாங்களோ!” பிறகு என்னைப் பார்த்தார். “நீ செஞ்சத நான் லேசா எடுத்துக்கல. பயந்து மறைச்சே. ஆனா உலையில இருந்தவன மேடைக்கு இழுத்தது நான். திரும்பிச் சோதிக்கிறதில்லன்னு பீத்திக்கிட்டதும் நான்.”

மேற்பார்வை வேலை போய்விட்டது, நானே எழுதிக் கொடுத்தேன். பழைய உலையில்தான் நிற்கிறேன். உன் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டார். எனக்கு முகமில்லை என்றேன். “சரி, நான் போறேன். நீ எல்லாத்தையும் எழுதிப் போடு. நான் போறதுக்கு முன்னால அவங்க அதப் படிச்சிருக்கணும்” என்றார். அதைத்தான் எழுதிவிட்டேன்.

மன்னிக்கும்படி கேட்கவில்லை. வாயாடியிடம் மட்டும் சொல், அவள் மேல் தப்பில்லை என்று.

தம்பி.

செப்டம்பர் 2

அக்கா,

ஐயா வந்துவிட்டுப் போனார் என்று தெரியும். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு வரி திட்டியாவது எழுது.

தம்பி.

அக்டோபர் 11

தம்பிக்கு,

நலமில்லை. உனக்கு இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. நலம், நலம் என்று எழுதியே நாம் இரண்டு பேரும் ஒரு குழந்தையை மாதக்கணக்கில் பின்வரிசையில் நிற்க வைத்தோம். இனி இந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் சும்மா வராது.

மன்னித்தேன் என்று எழுதலாம் என மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் முழுவதையும் உன் தலையில் கட்டவும் முடியவில்லை. அளவுகோலைப் பிடித்தது என் கை. நம் பெயர் கெட்டுவிடும் என்று பொய் எழுதியதும் அதே கை. ஏப்ரலிலேயே பின் உடைந்ததென்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் மற்ற ஏழு பேர் விழுந்திருப்பார்களா? இதை நினைத்துத்தான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் கால் ஓடமாட்டேன் என்கிறது. வாயாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.

உங்கள் ஐயா வந்தார். வாசல் கதவு ஆடியது, ஆனால் அவர் அதைத் தொடவில்லை. நேரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, என் தையல் நாடாவையும் ஆணியையும் பிரித்தார். புதுப் பின் போட்டார். நான் பழக்கதோஷத்தில் “ரொம்ப நன்றிங்க” என்றேன். அவர் முகம் அறை வாங்கியது போல ஆயிற்று. “நன்றி வேணாம்மா. என்ன குறைன்னு சொல்லுங்க” என்றார். எனக்கு வாய் வரவில்லை. இலவசமாக வாங்கினவளுக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் உன் மருமகள்தான் வாயைத் திறந்தாள். வளையம் சட்டையில் மாட்டுகிறது, மழையில் கீச் கீச்சென்கிறது, பெட்டியில் வந்த படத்தில் இருக்கிற பெண் சிரிக்கிற அளவுக்கு இது சுகமாக இல்லை என்று மூன்று சொன்னாள். மூன்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அழுதாரா சிரித்தாரா என்று இன்னும் எனக்கும் அத்தானுக்கும் தகராறு.

இதோடு உடைந்த பின்னை வைத்திருக்கிறேன். இரண்டு துண்டு. உங்கள் மேஜையில் வை. சீட்டை உன் கையால் எழுது, ஆனால் உன்னை மட்டும் எழுதாதே. கீழே ‘உடைந்தது தெரிந்தும் சொல்லாதவள் இவன் அக்கா’ என்று சேர்.

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வா. முகமில்லாவிட்டால் முகமில்லாமலே வா.

உன் அக்கா.

மாமா, தொடை வார் உரசிச் சிவந்துபோகிறது. சீக்கிரம் மாற்றி அனுப்புங்கள், இது புகார்தான். இன்னொன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஓடவில்லை மாமா. நீங்கள் எழுதியபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போனேன். வாயாடி.